பங்கரில் இடமில்லை என்றவள்

ஷார்ஜா முவைலாவில் மகளின் வீடு முதலாம் மாடியில். ஏவுகணைகள் வந்த அந்த நாட்களில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை கொடுத்துக் கத்தும். வானத்தில் எதையோ அடித்து விழுத்துவார்கள், கட்டடம் குலுங்கும். அடங்கியதும் கீழே போய்ப் பாலும் குப்பூஸ் ரொட்டியும் வாங்கி வருவோம்.

எங்கள் வீட்டு நடையில் ஜன்னல் இல்லை. அதனால் போன் கத்தினால் மேல்மாடிக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் அங்கே பெரிய அதிகாரி. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் படித்த படிப்பு அது. எல்லோர் காதிலும் பஞ்சு வைத்து, வாயைத் திறக்கச் சொல்வேன்.

"மோனே, வாயைத் திறக்கச் சொன்னனான். கொட்டாவி விடச் சொல்லேல்லை" என்று மலையாளி எஞ்சினியரை ஏசினால், அந்தப் பயத்திலும் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு மத்தியானம் அவளும் வந்தாள். ஆறாம் மாடி மகனிடம் விசிட்டில் வந்திருந்தவள். இரண்டு கிழமையாக லிஃப்டில் அவளைக் கண்டால் நான் படியில் ஏறிவிடுவேன்.

"இடமிருக்கோ பிள்ளை?"

"பொறுங்கோ அக்கா, எண்ணிப் பாக்கிறன்."

தலைகளை ஆறுதலாக எண்ணினேன். வெளியே பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

ஊரில் நானும் அவளும் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். மண்ணுக்குள் வெட்டிப் பனங்குற்றி அடுக்கிய நல்ல பங்கர் அவள் வளவில் மட்டும்தான் இருந்தது. ஷெல் விழுந்த ஒரு காலையில் ஆறு வயது மகளை இழுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். "இடமில்லை, தையல் மெஷினும் உள்ளுக்குக் கிடக்கு" என்று வாசலில் மறித்தாள். மெஷினுக்கு இடமிருந்தது. நாங்கள் மதிலடியில் படுத்தோம். பக்கத்தில் ஷெல் விழுந்து மகளின் வலது காது அன்றோடு போனது. அடுத்த கிழமை அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்குக் காது போன கதை பிறகு அவளுக்கு எட்டியிருக்கிறது. எந்தக் காது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

"வாங்கோ அக்கா, இஞ்சை இருங்கோ" என்று மகளின் வலது பக்கத்தைக் காட்டினேன்.

மகள் இடது காதில் போனை அழுத்தி, சைட்டில் நின்ற மருமகனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். சின்னதுகள் வேறு கத்திக்கொண்டிருந்தன. ஆறாம் மாடிக்காரி என் மகளின் வலது காதுக்குள் குனிந்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் செய்தது பாவம். உன்னட்டை மன்னிப்புக் கேக்காமல் சாகக் கூடாது எண்டுதான் இருந்தனான். மன்னிப்பியோ?"

"ம்... ம்... சரி, சரி" என்றாள் மகள், புருஷனிடம்.

அவள் மகளின் கையைப் பிடித்து அழுதாள். மற்றப் பக்கம் வந்து சொல்லுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஞ்சை இன்னும் கொஞ்சம் பிய்த்து எஞ்சினியரிடம் கொடுத்தேன்.

அடங்கியதும் அவள் முகம் தெளிந்து மேலே போனாள். மகள் போனை வைத்தாள்.

"அந்த மாமி என்னம்மா சொன்னவா? அழுதமாதிரிக் கிடந்துது."

"முழங்கால் நோகுதாம்."

"பாவம். எங்கடை எண்ணெயைக் குடுத்துவிடுங்கோவன்."

"முடிஞ்சுது" என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன்.