பாதிப் பெட்டி காலி

குறை சொல்பவனின் வாயை அடைக்க மலிவான வழி ஒன்று உண்டு; அவனைக் கொள்முதல் குழுவில் போட்டுவிடுவது.

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் அந்தப் பதவியில் இருக்கிறேன். எங்காவது இப்படி ஒரு குழுவில் உட்கார்ந்து, ஆறிய டீயைக் குடித்து, விலைப்புள்ளிகளில் குறைந்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அழுத சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது: சேலை டிசைன் போடச் சங்கம் வாங்கிய கம்ப்யூட்டர், டிவி மாதிரி திரைக்குள்ளேயே எல்லாவற்றையும் அடைத்து மூடியது, விலை குறைவு என்பதே அதன் ஒரே தகுதி. இரண்டாவது: டிசைன்கள் பெரிதானதும் அது திணறியது, மெமரி கூட்டலாம் என்றால், போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது, கூட்ட இடமில்லை என்றார்கள். மூன்றாவது: அதற்கு ஆறுதலாக ஒரு பிரிண்டர் வாங்கினார்கள். நான்காவது: தாமதத்துக்கு மிஷினை விட்டுவிட்டு, டிசைன் போடும் கோமதிக்கு மெமோ கொடுத்தார்கள். ஐந்தாவது: இதையெல்லாம் துண்டறிக்கையாக அடித்துச் சங்க வாசலில் கொடுத்த என்னைக் குழுவில் சேர்த்தார்கள்.

கோமதி சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். பல வருடமாகத் தற்காலிகப் பணியாளர். இப்போது வாங்கப்போகிற புது மிஷினிலும் வேலை தாமதமானால் டிசைனை வெளியே கொடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பப் போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நாங்கள் எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பதில் அவளுடைய சோறு இருந்தது.

கையெடை

கடைக்காரர் ரஹீம் பாய் இரண்டு மிஷின்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று டிபன் டப்பா அளவில் சின்னப் பெட்டி, விலை குறைவு. மற்றது முழங்கால் உயரப் பெட்டி, விலை கூட. எங்கள் தலைவர் ஏகாம்பரம் பட்டு வியாபாரி. சேலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவார். அதே கையால் பெரிய பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அளவுக்கேற்ற கனம் இல்லை; முகம் கோணியது. பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே மெமரிக்கு ஓர் இடம் காலி, டிஸ்க்குக்கு ஓர் இடம் காலி, கிராபிக்ஸ் கார்டுக்கு ஓர் இடம் காலி. போலி ஜரிகையைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல எங்களைப் பார்த்தார்.

“பாதிப் பெட்டி காலியா கீது பாய். முழுப் பெட்டிக்கு வெல போட்டுகினு வந்துட்டியே.”

பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “காலி எடத்துக்கு இன்னும் காசு வாங்கல தலைவரே. நீங்க ரொப்பும்போது வாங்கிக்கிறேன்.”

பொடி எழுத்து

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். கூட்டங்களில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்தது அதிகம். கூலி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்துக்குள்தான் முதலாளி ஒளிந்திருப்பான் என்பது அங்கே கற்றது. அதனால் சின்னப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். திருகாணி மேல் ஒரு ஸ்டிக்கர்: பிரித்தால் உத்தரவாதம் கிடையாது. பாயிடம் விசாரித்தேன். இந்த மாடலிலும் மெமரி கூட்ட முடியாது, தனி கிராபிக்ஸ் கார்டும் போட முடியாது. நம் காசில் வாங்கி, நம் மேசையில் வைத்து, நம் கரண்டில் ஓட்டுகிற மிஷினை நாமே தொடக்கூடாதாம். கொத்தடிமை முறை பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

மேலாளர் கொட்டாவியை முடித்துவிட்டுக் கேட்டார்: “எதுக்குங்க தொறக்கணும்? வீட்டு டிவிய தினம் தொறந்து பாத்துகினா இருக்கீங்க?”

பரீட்சை

கோமதி பென்டிரைவில் ஒரு முகூர்த்தச் சேலையின் முந்தானை டிசைனைக் கொண்டுவந்தாள். பழைய மிஷினில் அதைத் திறக்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். பெரிய பெட்டியில் உடனே திறந்தது. சின்னப் பெட்டியிலும் உடனே திறந்தது. எதிராளியின் மிஷின் ஒழுங்காக ஓடுவதைப் போல எரிச்சல் வேறில்லை. “ரெண்டும் ஒண்ணாத்தானே ஓடுது. வெல கொறைஞ்சதை ஜல்தியா முடிங்க” என்று தலைவர் பேனாவைத் திறந்தார்.

கோமதி மவுஸை விடவில்லை. “இன்னிக்கு ஓடுதுங்க. டிசைன் வருஷா வருஷம் பெருத்துகினே போவுது. நாளைக்கு இது மூச்சு வாங்கினா, மிஷினுக்கா மெமோ குடுப்பீங்க?”

சொந்தத் தறி

தலைவருக்குச் சேவூரில் சொந்தத் தறி இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து, டிசைனுக்கு ஏற்றபடி கொக்கிகளால் நூலைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டியை நானே பார்த்திருக்கிறேன். இப்போது நெய்கிற சேலைக் கரைக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு கொக்கி உள்ள பெட்டி. பாதிக் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நாளைக்குப் பெரிய கரை கேட்டால், பெட்டியை மாற்றாமல் சும்மா இருக்கும் கொக்கியில் நூலைக் கட்டி ஓட்டலாம். அதற்காகவே கூட விலை கொடுத்து வாங்கியது. விவரமான வேலை, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே தொங்குகிற கொக்கிக்கு வலிக்காமல் காசு கொடுத்தவருக்கு இங்கே மட்டும் ஏன் வலிக்கிறது என்று கேட்டேன்.

தலைவர் யோசிக்கவே இல்லை. “தோழரே, அது என் காசு.”

பொறுப்பு

நூல் வாங்க வந்த நெசவாளர்கள் அன்று கூடத்தில் காத்திருந்தார்கள். குழுவில் தலைவர், மேலாளர், நான். கை தூக்கினால் நான் ஒற்றை ஆள். ஆனால் தோற்றே பழகியவனுக்கு ஒரு வித்தை தெரியும்: எதிர்க்காமல் ஒத்துக்கொண்டு, கூடவே ஒரு வரி சேர்ப்பது. சின்னப் பெட்டிக்கே நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர் இன்னார், பின்னால் அது போதாமல் போனால் அவரே பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதி, கூடத்தில் இருப்பவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

தலைவர் பேனாவை மூடினார். சங்கத் தேர்தல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மேலாளர் ஃபேனைப் பார்த்தார். “இது இன்னா புது பேஜாரு” என்றார் தலைவர். “செரி, பெரிய பெட்டின்னா யார் பேரு?”

“எம்பேரைப் போடுங்க” என்றாள் கோமதி.

இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. மேலாளர் வேகமாக எழுதினார்: தற்காலிகப் பணியாளர் கோமதி. நான் அவர் கையைப் பிடித்தேன். நாளைக்கே அனுப்பிவிடக்கூடிய ஆள், வருடக்கணக்கில் ஓடப்போகிற மிஷினுக்கு எப்படிப் பொறுப்பாக முடியும்? அவள் போய்விட்டால் பொறுப்பு யார் தலையில் வந்து உட்காரும்? தலைவர் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது.

“மொதல்ல இந்தப் பொண்ண நெரந்தரம் பண்ணி ஒரு தீர்மானம் போடுய்யா. எம்பேரு மட்டும் எங்கியும் வரக் கூடாது.”

வாழ்நாளெல்லாம் கொடி பிடித்தும் ஒரே ஓர் ஆளைக்கூட நிரந்தரமாக்க முடியாத நான், அதற்கு மூன்று காலி இடமும் தன் பெயருக்குப் பயந்த ஒரு தலைவரும் போதும் என்று வயதான பிறகு தெரிந்துகொண்டு நிற்க, மேலாளர் கூடத்துக்கு வந்து, தொண்டையைச் செருமி, நூல் வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் வாசித்தார்: “மிஷினைத் தேர்ந்தெடுத்தவர், சங்கத்தின் நிரந்தர வடிவமைப்பாளர், மு. கோமதி.”