மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கட்டம்

நல்லம்பள்ளிக்கு அப்பால் நாங்கள் வாங்கிப்போட்டிருந்த மனையை மேலிருந்து முதன்முதலாகப் பார்த்தது ஒரு கம்ப்யூட்டர் திரையில்தான். மனை தனியாகத் தெரியவில்லை. ஒரு சின்னக் கட்டம். அதற்குள் எங்கோ நாங்களும் இருந்தோம்.

அப்போது நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். தருமபுரி வருங்காலத்தில் எப்படி வளரும் என்று கம்ப்யூட்டரில் பார்க்க வந்த இரண்டு பேருக்கு நான்தான் டிரைவர். மேடம் நிலத்தைப் பார்ப்பவர். எங்கே வீடு வரும், எங்கே கடை வரும் என்பது அவர் கணக்கு. சார் போக்குவரத்து; யார் எந்த வழியாகப் போவார்கள், பஸ் எங்கே ஓடும் என்பது அவர் கணக்கு. தனித்தனியாகப் போட்ட கணக்குகளை அந்த மாதம்தான் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு கவலை இருக்கும். அப்போது இருந்தது பெரிய கவலை. மனையில் வீடு கட்டிக் குடிபோய்விட வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு டவுனில் தையல் கம்பெனியில் வேலை. வாடகை வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவாள். மனைப் பக்கமோ பஸ்ஸே கிடையாது. நான் வெளியூர் சவாரி போய்விட்டால் அவள் எப்படி வேலைக்குப் போவாள்? சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாத காட்டில் எப்படி இருப்பாள்?

ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவர்கள் வேலை செய்த மாடி அறைக்குப் போனவன், கேட்டேவிட்டேன்.

"மேடம், எங்க மனைப் பக்கம் வூடுங்க வருங்களா?"

"பஸ் வந்தா வரும்ணா."

"சார், பஸ்ஸு வருங்களா?"

"வீடு வந்தா வரும்ணா."

மேடம் சிரித்துவிட்டார். "இதுக்குத்தான் ரெண்டையும் சேக்கறோம். உக்காருங்க, ஓட்டிக் காட்டறேன்."

வெள்ளையாக இருந்த எங்கள் கட்டம் மஞ்சளானது. மஞ்சள் என்றால் வீடுகள், வெள்ளை என்றால் வெறும் நிலம். கம்ப்யூட்டர் அடுத்த சுற்றுக் கணக்குப் போட்டதும் மறுபடி வெள்ளை.

"என்னாச்சுங்க?"

"வீடு நெறைய வந்ததும் ரோட்ல நெரிசல்னு சார் கணக்கு சொல்லுது. அதைக் கேட்டு என் கணக்கு எல்லாரையும் கிளப்பிடுது. ரோடு காலியானதும் திரும்ப வந்துடறாங்க."

மஞ்சள். வெள்ளை. மஞ்சள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. சட்டி பானையும் கட்டிலுமாக ஒரு கூட்டம் சத்தமே இல்லாமல் வந்து இறங்குவதும், அப்படியே திரும்பிப் போவதுமாக எனக்குத் தெரிந்தது. ஒரு மஞ்சளில் என் மனைவி பஸ்ஸுக்கு நின்றாள், தலையில் பூகூட இருந்தது. கண்ணிமைத்தால் அவள் இல்லை, வெறும் வெயில். அடுத்த மஞ்சளில் எங்கள் கொடியில் என் சட்டை காய்ந்தது. நான் எந்தச் சுற்றில் இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை.

"எங்க வூட்ல நானும் அவளும் பேசறாப்லயே இருக்குதுங்க மேடம்" என்றேன். சார் புரையேறச் சிரித்தார்.

பிறகு மேடம், புது விடையை முழுசாக ஏற்காமல் பழையதில் பாதியும் புதியதில் பாதியுமாகக் கலந்து ஓட்டினார். மினுக்கல் அடங்கி, கட்டம் வெளிர் மஞ்சளில் நின்றது. கொஞ்சம் வீடு, கொஞ்சம் பஸ்.

"இதை நம்பி வீடு கட்டிடாதீங்கண்ணா. இப்படியிருந்தா அப்படியாகலாம்னு பாக்கறதுதான் இது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கொஞ்சம்னா, ஒரு வூடாச்சும் உண்டுங்களா?"

"இருக்கும்."

"அது நம்முளுதுதான். எல்லாரும் உங்களாட்டம் பஸ்ஸு வரட்டும்னு உக்காந்திருந்தா, அந்தப் பொட்டியில எப்பிடிங்க மஞ்சள் வரும்?"

"பஸ்ஸே வராட்டி? உன் வேலை?"

"ஸ்கூட்டி கத்துக்கறேன். நீங்க பின்னாடி உக்காந்து பயந்துகிட்டு வாங்க."

வீடு கட்டும் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். ஆனாலும் கடைக்கால் போட நூல் பிடித்த அன்று காலையில்கூட, பஸ் வந்தபிறகு கட்டலாமா என்று அவளைக் கேட்டுப்பார்த்தேன். சுற்றிலும் மனை எல்லைக்கு நட்ட குத்துக்கல்கள், நடுவில் மேஸ்திரி.

"வாசப்படி எந்தப் பக்கமுங்க?"

"ரோட்டப் பாத்து வைங்க" என்றாள் அவள்.

மேஸ்திரி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "ரோடு எங்கீங்க இருக்குது?"

அவள் கிழக்கே கை காட்டினாள். அங்கே ஒரு வண்டித்தடம் மட்டும் வெயிலில் நீண்டு போனது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். முளைக்குச்சியைப் பிடுங்கி, வாசப்படிக்காகக் கிழக்கே நட்டார்.