ஸ்டியரிங்கை விட்ட கை

கார் டீச்சர் என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பதினேழு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் வேலை. கிளட்ச் எது பிரேக் எது என்று குழம்புகிறவர்கள், ரிவர்ஸ் என்றதும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், ஓட்டத் தெரியாமலேயே அவளுக்கு யோசனை சொல்கிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. குரலை உயர்த்த மாட்டாள். "ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்" என்பதை மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள்.

கணவன் கப்பலில் மெக்கானிக். வருஷத்தில் எட்டு மாதம் கடலோடு போய்விடும். வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்த்து யாரையும் எடை போட மாட்டார். குரலைக் கேட்டால் போதும். காய்கறிக்காரர் "இன்னைக்குப் பறிச்சதும்மா" என்று சொன்ன விதத்திலேயே அது நேற்றுப் பறித்தது என்று கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மதியக் காட்சிக்குப் போனார்கள். படத்தில் ஒரு மருமகள் கார் ஓட்டுகிறாள், பக்கத்தில் மாமியார். ஏரிக்கரை வளைவில் கார் தண்ணீரில் பாய்கிறது. மருமகள் மட்டும் நீந்திக் கரையேறுகிறாள். போதிய சாட்சி இல்லை என்று கோர்ட் விட்டுவிடுகிறது. கடைசியில் அவள் காலி வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறாள். வேண்டுமென்றே செய்தாளா, விபத்தா என்று படம் வாயே திறக்கவில்லை.

தியேட்டர் படியிலேயே ஆரம்பித்துவிட்டது.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார் மாமியார்.

"பாவமா? அவதான் அத்தை பண்ணியிருக்கா. வளைவு வருது, ஒரு கையை ஸ்டியரிங்ல இருந்து எடுக்கறா. எவளாவது எடுப்பாளா? நான் நல்லாப் பார்த்தேன்."

"நீ கையைப் பார்த்தே. நான் குரலைக் கேட்டேன். 'அத்தை'ன்னு ஒரு கத்து கத்தினாளே, அதுல பொய் இல்ல."

மருமகளுக்காக மாமியார் வாதாடுவதும், மாமியாருக்காக மருமகள் நியாயம் கேட்பதும் அக்கம்பக்கத்தில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் படியிறங்கும்போதெல்லாம், "என்னம்மா, தீர்ப்பு வந்துடுச்சா?" என்று எட்டிப் பார்ப்பார். கப்பலிலிருந்து பேசிய மகனிடமும் ஆளுக்கொரு பக்கம் கட்சி பேசினார்கள். அவன் பாதியிலேயே சிக்னல் சரியில்லை என்று நழுவிவிட்டான்.

நான்காம் நாள் டீச்சருக்கு வாய் தவறிவிட்டது. "நீங்க முன் சீட்ல ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கீங்களா? வண்டியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் பின் சீட்டைத் தாண்டியதே இல்லை என்பது உண்மைதான். முன்னால் உட்கார்ந்தால் எதிரே வருகிற லாரியெல்லாம் தன் மடியிலேயே ஏறுகிற மாதிரி இருக்கும் என்பார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஏன்தான் சொன்னோமோ என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. டீச்சர் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் அவளைத் திரும்பியும் பார்க்காமல் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எடு வண்டியை" என்றார். பெல்ட்டை டீச்சர்தான் மாட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு முந்தைய திருப்பத்தில் நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. டீச்சர் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனது.

அப்புறம்தான் டீச்சர் கவனித்தாள். அவளுடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இல்லை. மாமியாரின் மார்புக்குக் குறுக்கே அணை போட்ட மாதிரி நீண்டிருந்தது. எப்போது எடுத்தாள், ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினேழு வருஷத்தில் எந்த மாணவரிடமும் அப்படிச் செய்ததில்லை.

மாமியார் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. மூச்சு விடு முதல்ல."

"அத்தை, அவளும் இதுக்குத்தான் கையை எடுத்திருப்பாளோ?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். பின்னாடி ஹாரன் அடிக்கறான் பாரு."

அடுத்த ஞாயிறு இருவரும் அதே படத்துக்கு மறுபடி போனார்கள். ஏரிக்கரைக் காட்சி வந்ததும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கை பக்கத்து இருக்கையை நோக்கித்தான் போகிறது. இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. மாமியாரோ நாற்காலி நுனிக்கு வந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும், "நீங்க சொன்னதுதான் அத்தை சரி. அவ நல்லவ" என்றாள் டீச்சர்.

"அட போம்மா. அவ கத்தினது எப்போ? வண்டி திரும்பறதுக்கு முன்னாடி! ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே எதுக்கு ஒருத்தி கத்தணும்? அன்னைக்கு என் காதுல விழலை. இன்னைக்கு விழுந்துடுச்சு. அவதான் பண்ணியிருக்கா."

"நாய் வர்றது எனக்கு முன்னாடியே தெரியலையா? ஓட்டறவளுக்கு அரை நொடி முன்னாடியே தெரிஞ்சுடும்."

"அப்போ நீ கத்தவே இல்லையே!"

பேசிக்கொண்டே காரிடம் வந்துவிட்டார்கள். மாமியார் பேச்சு மும்முரத்தில் முன் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைத் தானே இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. டீச்சர் குனிந்து சரிசெய்து மாட்டிவிட்டாள். அந்தச் சமயம் பார்த்துக் கப்பலிலிருந்து போன் வந்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சரி, முடிவா சொல்லுங்க. பண்ணாளா, இல்லையா?" என்றான் மகன்.

"பண்ணா" என்றார் மாமியார். "பண்ணல" என்றாள் டீச்சர்.

மகன் குழம்பிப்போனான்.

"இருங்க, போன வாரம் இதையே ரெண்டு பேரும் தலைகீழாத்தானே சொன்னீங்க?"

மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ ஊருக்கு வா. மூணு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார்.