ஒட்டியதாக எழுதிய நாட்கள்

என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வாரம். குளிப்பாட்டித் துடைக்கும்போது அவளுடைய இடது கண்ணின் கருமணிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. விளக்கு வெளிச்சம் பட்டிருக்கும் என்றேன். மனைவி மாலதி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். புள்ளி அங்கேயே இருந்தது.

பிறவிக் கண்புரை (கண்ணின் வில்லை மங்கிப்போய் ஒளியை மறைப்பது). இரண்டு வாரத்தில் மலேசியாவின் ஜோகூர் பாருவில் அறுவை சிகிச்சை முடிந்தது.

“கண்ணைச் சரி பண்ணிட்டோம். மூளைக்கு இனிமேதான் வேலை,” என்றார் டாக்டர். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கண்ணிலிருந்து மூளையின் பின்பகுதிக்கு நரம்புகள் போய்ச் சேர்ந்துவிடுமாம். அந்த இருட்டிலேயே விழித்திரை (கண்ணின் உட்புறப் படலம்) தானாகத் துடிப்புகளை அனுப்பி ஒத்திகை பார்க்குமாம். ஆனால் பிறந்த பிறகு தெளிவான உருவம் வந்தால்தான் மூளை பார்க்கப் பழகும். உருவம் அனுப்பாத கண்ணின் இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இடது கண்ணுக்கு லென்ஸ் போட்டு, நல்ல வலது கண்ணைத் தினமும் நாலு மணி நேரம் பிளாஸ்டரால் மூடி வைக்க வேண்டும். மூடிய நேரத்தை எழுதிவர ஒரு தாள் கொடுத்தார்.

மாலதிக்குச் சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில்தான் எங்கள் ஊரான குளுவாங்குக்கு வருவாள். நான் வீட்டு முன்னறையில் மின்சாரக் காற்றாடி, ரைஸ் குக்கர் பழுது பார்ப்பவன். பிள்ளை என் பொறுப்பு.

பிளாஸ்டர் ஒட்டியதும் யாழினி மூச்சு அடைக்க அழுவாள். காற்றாடி கொடுக்க வந்த ஓர் அம்மா, “நல்ல கண்ணைப் போய் மூடி வச்சிருக்கீங்களே, பாவம்லா,” என்றார். அவர் போனதும் பிளாஸ்டரை எடுத்துவிட்டேன். அழுகை நின்றது. தாளில் ‘நாலு மணி’ என்று எழுதினேன்.

பாசத்தால் செய்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவள் அழுதால் வேலை ஓடாது. வருகிறவர்கள் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருந்தது. நாலு மாதம், பாதி நாள் ஒட்டாமலே அப்படி எழுதினேன்.

வார இறுதிகளில் மாலதி ஒட்டுவாள். “என்கிட்ட மட்டும் ஏங்க இப்படி அழுறா?” என்று கேட்டாள்.

“அம்மாவைப் பார்த்த செல்லம்லா,” என்றேன்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் வலது கண்ணை மூடிவிட்டு, கோடு போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இடது கண் எதையும் தேடவில்லை. என் தாளை நிதானமாகப் படித்தார். “இவ்வளவு ஒழுங்கா செஞ்சும் பலன் இல்லை. இதுக்கு மேல பிள்ளையைக் கஷ்டப்படுத்த வேணாம். நிறுத்திடலாம்.”

வெளியே நடைபாதையில் மாலதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “கர்ப்பமா இருக்கும்போது நான் ஏதாச்சும் தப்பா சாப்பிட்டேனா? வேலையை விட்டுட்டு கூடவே இருந்திருக்கணுமோ?”

அவளைப் பார்க்க முடியாமல் எழுந்து டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். மாலதியும் பின்னால் வந்தாள்.

“டாக்டர், தாள்ல நான் எழுதினது பொய். பாதி நாள் ஒட்டவே இல்ல.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்தத் தாளை நம்பித்தான் நான் முடிவு எடுத்தேன்,” என்றார். பிறகு புதுத் தாள் ஒன்றை நீட்டினார். “திட்டறதுக்கு இப்ப நேரமில்ல. இன்னிக்கே ஆரம்பிங்க.”

காரில் மாலதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “தினமும் போன்ல கேட்டேன். ஒட்டிட்டேன்னு சொன்னீங்க.” அதன்பின் மூன்று வாரம் பேசவில்லை.

அன்றிலிருந்து நாலு மணி நேரமும் கடையைச் சாத்திவிட்டுத் தரையில் யாழினி எதிரே உட்கார்ந்தேன். முதலில் பொம்மைபோல் அசையாமல் இருந்தாள். பல வாரம் கழித்து, நான் ஆட்டிய சிவப்பு வயர்ச் சுருளை நோக்கிக் கை நீட்டினாள். கை அதைத் தாண்டிப் போனது. மறுபடி நீட்டினாள்.

உங்கள் கையிலும் இப்படி ஒரு தாள் இருந்தால், ஒட்டாத நாளுக்குச் சுழியம் என்றே எழுதுங்கள்.

யாழினிக்கு இப்போது நாலு வயது. இடது கண்ணுக்குப் பெரிய படங்கள் தெரிகின்றன. சின்ன எழுத்துகள் தெரிவதில்லை. படி இறங்கும்போது அடுத்த படியைக் காலால் தேடுகிறாள். இதில் எவ்வளவு நோயால், எவ்வளவு என்னால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நாலு மாதம் என்பது என் நாட்காட்டியில் நாலு தாள்தான். அவளுடைய மூளைக்கு அது எவ்வளவு காலம் என்று நான் இன்னும் யாரையும் கேட்கவில்லை.