அடைக்கு வைத்த சாய முட்டை

காலையில் கொல்லைப்பக்கம் போனதுமே குமட்டியது. அடைக்கோழிக்கு அடியில் ஒரு முட்டை வெடித்திருந்தது.

மூன்று வாரமாகச் சரியாகத் தீனி எடுக்காமல் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்த கோழி. அதன் இறகெல்லாம் அழுகல்.

மிச்ச முட்டைகளைக் கழுவினேன். பழுப்பு நிறம் கையோடு வந்தது. அத்தனையும் சேவல் சேராத பண்ணை வெள்ளை முட்டை; எத்தனை நாள் அடை காத்தாலும் குஞ்சு வராது! குழி தோண்டிப் புதைத்தேன். கோழி திரும்பவும் வெறும் மணலில் போய் அடை உட்கார்ந்தது.

புதைக்காமல் வைத்திருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முட்டை வாங்கிய கடைக்கு, அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

"அடைக்கு வைக்க நாட்டுக்கோழி முட்டைன்னு கேட்டுத்தான அண்ணாச்சி வாங்கிட்டுப் போனேன்?" என்று கடைக்காரரிடம் நீட்டினேன்.

அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. "வாங்கித் திங்கிறவுக யாரும் ஒண்ணும் சொல்லலையே. ஒங்க கோழிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

பக்கத்தில் முட்டை வாங்க நின்ற அம்மாவாவது தெரிந்துகொள்ளட்டும் என்று, கடைத்தட்டிலிருந்த ஒரு முட்டையில் பாட்டில் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் காட்டினேன். சாயம் வழிந்தது.

அந்த அம்மா "அடப் பாவமே" என்றுவிட்டு அவரிடம் திரும்பினார். "அண்ணாச்சி, சாயம் போகாததாப் பாத்துக் குடுங்க. சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போறேன்."

வீடு வந்து சேரும்வரை குமட்டல் நிற்கவில்லை. முட்டையாலா, இவர்களாலா? நீங்களே சொல்லுங்கள்.