வெள்ளிக்கிழமைக் கம்போ

லூசியானாவை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பல வருடங்களாக ரொறன்ரோ நகர மத்தியில் ஓர் உணவகத்தில் லூசியானாக்காரரின் கம்போவைக் காய்ச்சினேன். சுவரில் முதலைப் படம், ஒலிபெருக்கியில் ட்ரம்பெட், மெனுவில் ‘அசல் தெற்கத்திச் சமையல்’ என்ற வரி. குசினிக்குள் எட்டிப் பார்த்தால் மட்டக்களப்பானாகிய நான், பருத்தித்துறைக்காரர் ஒருவர், பாத்திரம் கழுவுகிற புத்தளத்து முஸ்லிம் ஒருவர். முதலாளி கிரேக்கர். எங்களில் அமெரிக்கத் தெற்குக்கு மிகக் கிட்டப் போனவர் அவர்தான். எல்லையைத் தாண்டியதுமே வருகிற பஃபலோவில் அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார்.

கம்போ என்பது கறிக்கும் சூப்புக்கும் நடுவில் நிற்கிற ஒன்று. மாவை எண்ணெயில் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை கை எடுக்காமல் கிண்ட வேண்டும். பிறகு வெங்காயம், செலரி, குடைமிளகாய், எங்கள் உணவகத்தில் தாராளமாகத் தக்காளியும். அதன்மேல் கோழி, சொசேஜ், இறால். கடைசியில் வெண்டிக்காய். இந்த வெண்டிக்காயில்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. எங்கள் வீடுகளில் அதன் வழுவழுப்பைப் போக்கப் பழப்புளி விட்டுப் போராடுவோம். அவர்கள் அந்த வழுவழுப்புக்காகவே அதைப் போடுகிறார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததால் நான் வாயை மூடிக்கொண்டு வெட்டிப் போட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். நேர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அதே லூசியானாவில், நியூ ஓர்லியன்ஸில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். போன கொஞ்ச நாளில் தொலைபேசியில் எனக்கு முதல் அடி விழுந்தது.

“அப்பா, நீங்கள் இவ்வளவு காலமும் காய்ச்சினது கம்போ இல்லை. இட்ஸ் தக்காளிச் சூப். இஞ்ச ஆரும் அப்பிடித் தக்காளி அள்ளிப் போடுறேல்லை.”

“ரொறன்ரோவே சாப்பிட்டது பிள்ளை.”

“ரொறன்ரோவுக்கு என்ன தெரியும், அப்பா?”

இரண்டாவது அடி பிறகு வந்தது. அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பொடியனைக் கட்டப்போகிறாளாம். கத்தோலிக்கன், கறுப்பும் வெள்ளையும் கலந்த கிரியோல் வம்சம், அந்த ஊரிலேயே ஏழெட்டுத் தலைமுறை. நான் பெரிதாக ஆடிப்போகவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் மனைவி ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

“சாப்பாட்டில ஏதோ போட்டுக் குடுத்திட்டாங்கள்.”

அதன்பிறகு அவள் மகளோடு பேசவில்லை. தொலைபேசி அடித்தால் பெயரைப் பார்ப்பாள், எடுத்து என் கையில் தந்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போய்விடுவாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அழுக்கு உடுப்பே இருக்கவில்லை.

மனைவி யாழ்ப்பாணத்தாள். நான் அவளைக் கேட்டுப் போனபோது அவளுடைய வீட்டில் சொன்னதும் இதே கதைதான். மட்டக்களப்பார் சோற்றில் மருந்து போட்டு மனிசரைப் பாயோடு ஒட்ட வைப்பார்களாம். வந்தவன் திரும்பிப் போகமாட்டானாம். யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாத வீடு குறைவு. நாங்கள் கலியாணம் கட்டி பார்க்டேலில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தபோது ஒட்டுவதற்கு எங்களிடம் ஒரு பாய்கூட இல்லை. தெருவில் யாரோ போட்டுவிட்டுப் போன மெத்தைதான் இருந்தது. இப்போது பார்த்தால் நியூ ஓர்லியன்ஸும் மந்திரத்துக்குப் பேர்போன ஊராம். அமெரிக்காவின் மட்டக்களப்பில்தான் என் மகள் அகப்பட்டிருக்கிறாள்.

“அப்ப நீரும் மருந்திலதானே என்னோட ஒட்டினனீர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது வேற” என்றாள் மனைவி.

இத்தனை வருட ஸ்காபரோ வாழ்க்கையில் என் வாய்க்குள் யாழ்ப்பாணப் பேச்சே புகுந்துவிட்டது. அப்படியிருந்தும் அந்த ‘அது வேற’வை வெல்லுகிற வார்த்தையை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பொடியன் நல்லவனா கெட்டவனா என்பதுகூட எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. தாயும் மகளும் மறுபடி பேச வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மார்ச் மாதத்தில் இருவரும் எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பறக்கிற நாள் வெள்ளிக்கிழமை. நான் உடனே திட்டம் போட்டேன். கோழி, சொசேஜ், இறால் எல்லாம் போட்டு என் பெரிய கம்போ. தக்காளியைக் குறைப்பதற்கும் மனதைத் தயார்படுத்தினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை என்று தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த ஊசி அது ஒன்றுதான்.

மனைவி திட்டத்தைக் கேட்டாள். “நான் சமைக்க மாட்டன். நீங்கள் என்னத்தையும் சமையுங்கோ. ஆனா வெள்ளிக்கிழமை என்ர அடுப்பில மச்சம் ஏறக் கூடாது.”

மச்சம் என்றால் எங்களுக்கு மீன், இறைச்சி, முட்டை எல்லாம்தான். அவற்றைக் கழித்தால் என் கம்போவில் மிஞ்சுவது அந்தப் பாழாய்ப்போன வெண்டிக்காய்.

அவர்கள் வந்தார்கள். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டட எலிவேற்றருக்குள் ஏழாம் மாடி அன்ரி பொடியனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி எந்த ஊர்?” என்று கேட்டா. நிறத்தில் அவன் என் சொந்தத் தம்பி போல இருந்தான். மகள், “அன்ரி, இவர் நியூ ஓர்லியன்ஸ்” என்றாள். அன்ரி யோசித்துவிட்டு, “அது மன்னார்ப் பக்கமே?” என்றா. பொடியன் மரியாதையாகத் தலையாட்டினான்.

மனைவி அவர்களை வாசலில் சிரித்து வரவேற்றாள். விருந்தினருக்கென்று கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் பொன்விளிம்புக் கோப்பைகளில் தேத்தண்ணி வந்தது. பலகாரமும் வந்தது. எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பிறகு என்னைப் பார்த்து, “சீனி காணுமோ எண்டு அவையிட்டக் கேளுங்கோ” என்றாள். ‘அவை’ என்றால் எங்களுக்கு அவர்கள். அந்த ‘அவை’க்குள் மகளும் இருந்தாள். அந்தக் கோப்பைகளைத் தொட்டதற்காகச் சிறு வயதில் எத்தனையோ தடவை ஏச்சு வாங்கிய பிள்ளை, அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். ஒரு ஏச்சு விழுந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் பொடியனிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் இறைச்சி இல்லை என்றேன்.

அவன் சிரித்தான். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் நடக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் தானும் இறைச்சி தொடுவதில்லை, தன் தாய் தொட விடமாட்டார் என்றான். இறால் மட்டும் பரவாயில்லையா என்று கேட்டான். இறாலும் எங்களுக்கு மச்சம்தான் என்றேன். உங்கள் கடவுள் எங்கள் கடவுளைவிடக் கண்டிப்பானவர் போல என்றான். பிறகு, தவக்காலத்தில் தங்கள் வீட்டில் கீரைக் கம்போ காய்ச்சுவார்கள், அதைச் செய்து தரட்டுமா என்று கேட்டான். கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். போடுகிற ஒவ்வொரு கீரைக்கும் ஒரு புதிய சிநேகிதர் கிடைப்பாராம்.

இப்படி ஒரு கம்போ இருப்பதே எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் முதலைப் படத்தின் கீழ் நின்றவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்க்கடைக்குப் போனோம். அவன் தேடிய கீரைகளில் பாதி அங்கே இல்லை. இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுத்தான். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, கங்குன், முளைக்கீரை, கடுகுக் கீரை. வல்லாரையை மென்று பார்த்துவிட்டு, இது யாரை நண்பராகக் கொண்டுவருமோ தெரியாது என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

குசினியில் அவன் மாவை வறுத்தான். நான் கீரை ஆய்ந்தேன். மகள் வெங்காயம் வெட்டினாள். மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். உதவிக்கு வரவில்லை, போகவும் இல்லை. வறுத்த மாவின் மணம், நாங்கள் கறித்தூளுக்குச் சரக்கு வறுக்கிற நாளில் எழுகிற மணத்துக்குக் கிட்ட வந்தது. சட்டி கொதித்து இறுகியதும் பொடியன் கரண்டியில் ஒரு துளி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான்.

மகள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “நோ, நோ. சாமிக்கு வைக்கேல்லை.”

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சமையலை, குசினி அலுமாரித் தட்டில் இருக்கிற முருகனுக்கு வைக்கும் வரையில் ஒருவரும் நாக்கில் வைப்பதில்லை. உப்புப் பார்ப்பதுகூட மணத்தில்தான். இதை மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். மனைவி நிலையிலிருந்து நிமிர்ந்திருந்தாள்.

மகள் விளங்கப்படுத்தியதும், அப்படியானால் உப்பு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான். மணந்து பார் என்றேன். அவன் சட்டிமேல் குனிந்து நீண்ட நேரம் மணந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பயந்து பயந்து ஒரு சிட்டிகை போட்டான். நானும் மணந்தேன். கடுகுக் கீரை என் மூக்கை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. மகளும் மணந்துவிட்டு, சரி என்றாள்.

மனைவி வந்து ஒரு சிறு கிண்ணத்தில் அள்ளி, சோற்றோடு முருகனுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். தன் அடுப்பில் வெள்ளிக்கிழமை வெந்ததை வைக்காமல் விட அவளால் முடியாது, அதைக் காய்ச்சியவன் எவனாக இருந்தாலும். முருகன் அன்று லூசியானாவைச் சாப்பிட்டார்.

மேசையில் இருந்தோம். பொடியன் எங்களைப் பார்த்துக் கையால் குழைக்கத் தொடங்கினான். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விருந்தாளி சமைத்தது. அருமை என்றேன். மகளும், அருமை என்றாள். மனைவி ஒரு வாய் வைத்தாள், மென்றாள், கையைத் தட்டில் வைத்துக்கொண்டு மகளை நேரே பார்த்தாள்.

“உப்புக் காணாது.”

மாதக்கணக்கில் மகளோடு பேசாதவள் அவளிடமே தொடர்ந்தாள்.

“மணந்து பாத்துச் சரியெண்டு சொன்னனியெல்லே? என்ர குசினியில இவ்வளவு காலம் நிண்டு என்னத்தைப் பழகினனீ? எழும்பிப் போய் உப்பை எடுத்துக்கொண்டு வா.”

“ஓம் அம்மா” என்றாள் மகள். உப்புப் போத்தல் எங்கே என்று கேட்காமல் எழுந்து போனாள்.

பொடியனின் முகம் செத்துவிட்டது. என்ன சொல்கிறார் என்று மெதுவாக என்னைக் கேட்டான். நான் வாய் திறக்க முதல் மனைவி அவன் பக்கம் திரும்பினாள். அவளுடைய ஆங்கிலம் தொழிற்சாலையில் பழகியது, அதிகம் சுற்றி வளைக்காது.

“நெக்ஸ்ட் டைம், தம்பி, மோர் சோல்ட்.”

அவன் அதைக் குற்றச்சாட்டு என்றே நினைத்து, சொறி சொறி என்று இரண்டு தடவை சொன்னான். குசினி வாசலில் உப்புப் போத்தலை நெஞ்சோடு பிடித்தபடி மகள் நின்று அழுதாள். ‘அடுத்த முறை’ என்ற சொல் அவளுக்கும் கேட்டிருந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தலையைக் குனிந்து சோற்றைக் குழைத்தேன். உண்மையில் உப்புக் காணாதுதான்.