ஐஸ் பெக்டரியில் வடிகட்டாத கடல்

"டக்!"

கரண்ட் போய், கொம்பிரஸர் மூச்சை நிறுத்தி, ஜெனரேட்டர் இன்னும் பிடிக்காத அந்த இடைவெளியில்தான் சத்தம் கேட்டது. விடியற்காலைத் தொழுகைக்கான சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முந்தி. கண்ணாடி வெடிக்கிற சத்தம். மறுபடியும் ஒரு "டக்!" ஐஸ் பெக்டரியில் வேலை செய்கிறவனுக்குக் கண் இரண்டாம் பட்சம், காதுதான் சோறு போடுவது. பெல்ட் தேய்வதும் வால்வு கசிவதும் முதலில் காதுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தச் சத்தம் எந்த மெசினிலிருந்தும் வரவில்லை. ஒப்பீஸ் அறையில் நான் வைத்திருக்கும் கடல் தொட்டியிலிருந்து வந்தது. ஓடிப்போய் இருட்டிலேயே கண்ணாடியைச் சுற்றிக் கையால் தடவினேன். ஈரமில்லை, வெடிப்பில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வெளிச்சம் வந்த பிறகுதான் ஆளைக் கண்டேன். கல்லுக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமன். அந்தக் கொடுக்கை அது மூடுகிற வேகத்தில்தான் அத்தனை வெடியும். நான் வாங்கியதில்லை, பிடித்ததில்லை. கல்லோடு கல்லாக வந்து குடியேறியிருக்கிறது! கண்ணாடிக்குள் கடலை வைத்துவிட்டு உறக்கத்தைத் தொலைத்த சகோதரர்களே, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் உங்களுக்குப் புரியும். பகல் முறைக்கு வந்த ஜவ்பரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். ஜவ்பர் ஐஸ் தூக்குகிறவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறவர், நல்ல மனிசன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாடகையும் குடுக்காம குடியேறி, வெடியும் கொளுத்துதா காக்கா?"

ஹாஜியாரின் மூக்கு

தொட்டி என்னுடையதல்ல. பெக்டரி முதலாளி ஹாஜியார் தன் மகனின் கலியாணத்துக்கு அலங்காரமாக வாங்கியது. தங்கமீன்கள் ஒன்றும் மிஞ்சாமல் மௌத்தாகி, உள்ளே பழைய குடைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் கட்டாரில் ஏசி திருத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து இங்கே இரவு வேலை. பகலில் படுத்தால் கண் மூடாது. பிள்ளைகள் கலியாணம் முடித்துத் தூரம் போய்விட்டார்கள். வேலை முடிந்து விடிகிறபோது, கல்முனை முழுக்கக் கடை திறக்கிற சத்தம் கேட்கும். எனக்கு மட்டும் ஆசையாகப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை. அந்த வெறும் தொட்டியைப் பார்த்த காலையில்தான், நெடுநாளைக்குப் பிறகு நெஞ்சு துள்ளியது. வாய்விட்டுக் கேட்டேன்.

ஹாஜியார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஐஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் மீன்காரர்கள். பெக்டரிக்குள் அழுகல் மணம் வந்தால், ஐஸ் தண்ணீரிலும் பிழை என்று ஊரெல்லாம் கதை பரவிவிடும். "வெச்சிக்க. ஆனா ஒருக்கா, ஒரே ஒருக்கா மணத்துச்செண்டா, அண்டைக்கே கடல்ல கொண்டுபோய் ஊத்திருவன்" என்றார். அன்றிலிருந்து தினமும் வந்து, ஸலாம் சொல்ல முந்தியே தொட்டிக்கு மேலே மூக்கை நீட்டுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் மூக்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு நாளும் சொல்கிற தீர்ப்பு இதுதான்:

"இண்டைக்கு மணமில்ல. நாளைக்கும் வருவன்."

மெசின் எங்கே?

என் தொட்டியில் வடிகட்டி கிடையாது. பஞ்சு இல்லை, கரி இல்லை, நுரை பிரிக்கிற குழாய் இல்லை. தண்ணீரைச் சுழற்றச் சின்னப் பம்பு இரண்டு, மேலே விளக்கு, அவ்வளவும்தான். மிச்ச வேலையைக் கல்லும் மணலும் பாசியும் பார்க்கும். முருகைக்கல்லில், அந்தப் பவளப்பாறையில், நான் கை வைக்கமாட்டேன். சட்டமும் விடாது, மனமும் விடாது. சீமெந்தும் சிப்பித்தூளும் குழைத்து நானே கல் வார்த்து, காரம் போகும்வரை ஊறவைத்தேன். காரைதீவில் மீன்பிடிப் போட்டு வைத்திருக்கிற சிவம் அண்ணன், தான் மீன்கூடு இறக்குகிற இடத்தில் அதைக் கட்டி இறக்கினார். பல மாதம் கழித்துத் தூக்கியபோது கல்லில் சீவன் ஏறியிருந்தது! கடற்பஞ்சு, குழாய்ப்புழு, பெயரே தெரியாத பொடிப் பூச்சிகள். அவர் வெட்டி எறியப்போன பழைய நங்கூரக் கயிற்றில் பட்டன் பூக்கள் ஒட்டியிருந்தன. பூ என்றாலும் அவை உயிருள்ள பிராணிகள். சட்டைப் பட்டன் அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாய் விரியும், தொட்டால் சுருங்கும். மீன் கழிக்கிற அழுக்கை இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் தின்று தீர்க்கிறது. ஒரே விதி, மீனும் கொஞ்சம், தீனும் கொஞ்சம்.

இதையெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டி விளக்க, ஐஸ் ஏற்ற வந்த ஓட்டோக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தும் பார்த்தார். எழும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பின்னால பாத்தன், கீழ பாத்தன், ஒரு மெசினும் இல்ல. அப்ப காக்கா, இத ஓட்டுறது ஜின்னா?"

ஒருவர் தோண்ட, ஒருவர் பார்க்க

சிவம் அண்ணன் ஒருநாள் வாளியில் விரல் நீள மீன் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, கறிக்கும் உதவாது, கருவாட்டுக்கும் உதவாது. உனக்குத்தான் சரி" என்றார். விட்ட கொஞ்ச நேரத்தில், அது நேரே நம்முடைய வெடிக்கார இறாலின் வளைக்குப் போய் வாசலில் உட்கார்ந்தது. இறாலுக்குக் கண் பார்வை மட்டம். அது மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே தள்ள, மீன் வாசலில் காவல் நின்றது. இறால் வெளியே வந்தால் அதன் மீசை மீனின் உடம்பில் தொட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலை உதறும், இரண்டும் ஒரே பாய்ச்சலில் உள்ளே. யாரும் பழக்கவில்லை, முன்பின் கண்டதுமில்லை! எனக்கு அன்று பகல் முழுக்க வீட்டுக்குப் போக மனமில்லை. ஜவ்பர் ஐஸ் தூக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்திருந்த என்னையும் ஒருக்கால் பார்த்தார்.

"ஒராள் வேல செய்யிறாரு, மற்றாள் வாசல்ல குந்திக்கிட்டுப் பாக்கிறாரு. நம்மட பெக்டரி மாதிரியே இரிக்கி."

தொட்டியில் விழுந்த தீன்

வடிகட்டி இல்லாத தொட்டிக்கு எதிரி சுறா அல்ல, இரக்கம். ஒரு காலை தொட்டித் தண்ணீர் முகத்தில் எண்ணெய் படர்ந்து வானவில் காட்டியது. ஹாஜியார் வருவதற்குள் காகிதத்தை விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தேன். மணலுக்கு மேலே, எண்ணெயில் பொரித்த மாவுச் சுருளின் துண்டொன்று ஊறிப் பருத்துக் கிடந்தது. உருளைக்கிழங்கும் மிளகுத்தூளும் கலந்து வெளியே வந்துகொண்டிருந்தன. வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த லொறிக்காரரின் கையில் மிச்சப் பாதி இருந்தது.

"என்ன வேல செஞ்சிரிக்கீங்க?" என்று கத்தினேன். அவர் பதறவில்லை. கையிலிருந்ததை எனக்குக் காட்டி, என் மேல் குற்றம் இருப்பதுபோலச் சொன்னார்:

"ஏன் காக்கா ஏசுறீங்க? இறைச்சி ரோல்ஸ் போட்டாத்தான் பிழை. நான் போட்டது மீன் ரோல்ஸ்தானே!"

கூப்பிட்டு வைத்த கடல்

ஒரு வயதான மீன் வியாபாரி தினமும் ஐஸ் எடுப்பார், ஆனால் ஒப்பீஸ் அறைக்குள் காலடி வைக்கமாட்டார். காசைக்கூட ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார். சுனாமியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் என்பது ஊருக்கே தெரியும். நானும் உள்ளே வாங்க என்று கூப்பிட்டதில்லை.

ஒரு மாரிக்காலக் காலை, மழை சாய்த்து அடித்ததில் வேறு வழியில்லாமல் உள்ளே வந்து நின்றார். தொட்டியில் விளக்கு எரிந்தது. பட்டன் பூக்கள் முழுக்க விரிந்து ஒரே பக்கமாக அசைந்தன. அவர் ஈரத் தலையைத் துடைக்காமல் நெடுநேரம் பார்த்தபடியே நின்றார். மழை ஓய்ந்ததும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் திரும்பிச் சொன்னார்:

"நாங்க அதுக்குப் பயந்து கரைய விட்டு உள்ளுக்குக் காணி வாங்கிட்டுப் போனம். நீ என்னெண்டா அதக் கூப்பிட்டு, லைட்டும் போட்டுல்லோ வெச்சிரிக்காய்."

உப்புத் தண்ணீர்

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் கூடாது. தங்கச்சி மகளின் கலியாணத்துக்காக நான் அக்கரைப்பற்றுக்குப் போன போது, ஆறவைத்த நல்ல தண்ணீரை ஒரு வாளியில் மூடிவைத்து, "குறைஞ்சா இதுல ஊத்துங்க" என்று ஜவ்பரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால், பூக்கள் எல்லாம் மொட்டாகச் சுருங்கிக் கிடக்கின்றன. காவல்கார மீன் வளையை விட்டு மேலே வந்து, பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்குகிறது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு முற்றிக் கசந்தது. நான் மூடிவைத்த வாளி மூடியபடியே இருந்தது. உடனே விளங்கிவிட்டது. ஐஸ் அச்சுகளைச் சுற்றி ஒரு பெரிய தாங்கி நிறைய உப்புக் கரைசல் நிற்கும். கடலைவிடப் பல மடங்கு உப்பு என்பதால், எவ்வளவு குளிரூட்டினாலும் அது உறையாது, அச்சுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்தான் உறையும். ஜவ்பர் அதில் ஒரு வாளி மொண்டு ஊற்றியிருக்கிறார்! கல்லில் இருக்கிற சீவன் ஒருமிக்கச் செத்தால் விடிவதற்குள் மணக்கும். மணத்தால் தொட்டி கடலுக்கு. எனக்கு மறுபடியும் போக்கிடமில்லாத காலைகள்.

"ஏன்டாப்பா நான் வெச்ச தண்ணிய ஊத்தல்ல?" என்று கேட்டேன். ஜவ்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடல் மீனுக்கு ஆராவது நல்ல தண்ணி ஊத்துவாங்களா? கலியாண அவசரத்துல நீங்க மாறி வெச்சிட்டீங்க எண்டு நெனச்சன். உங்கட மானத்தக் காப்பாத்தத்தான் காக்கா ஊத்தினன்."

கேன் கேனாய்க் கடல்

கடலுக்குப் போகிற போட்டுக்காரர்கள் ஐஸ் எடுக்க வரிசையில் நின்ற நேரம் அது. சிவம் அண்ணன் முன்னாலேயே நின்றார்.

"என்ன தம்பி, செத்த வீடு மாதிரி நிக்கிறாய்?"

"கடல் வேணும் அண்ணன். கரைக் கலங்கல் இல்லாம, உள்ளுக்குள்ள தெளிஞ்சது. இப்பவே."

அவர் கேள்வி கேட்கவில்லை. "டேய், வரிசையில எண்ட இடத்தப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, இருந்த கேன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினார். எங்கள் பெக்டரியிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அவருடைய எஞ்சின் பிடிக்கிற சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. அதற்குள் நானும் ஜவ்பரும் தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டோம். சாயத் தொடங்கியிருந்த பெரிய கடற்பஞ்சைக் கல்லிலிருந்து பிய்த்து வெளியே எறிந்தேன். அது அழுகினால் மிச்சத்தையும் கொண்டுபோய்விடும்.

பிறகு கேன்கள் வரத் தொடங்கின. வரிசையே கலைந்து, ஆளுக்கொன்றாகத் தோளில் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு மூடியையும் திறந்து நான் முகர்ந்து பார்த்தேன். ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை. "இது தண்ணிக் கேன்தான் காக்கா!" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "எனக்குச் சொல்லாதீங்க, எண்ட மூக்குக்குச் சொல்லுங்க" என்றேன். மெல்லிய குழாய் வழியே, அவசரப்படாமல், புதுக் கடலை உள்ளே விட்டோம். "மெள்ள விடு, மெள்ள விடு" என்று ஆளுக்காள் எனக்கே பாடம் எடுத்தார்கள். மீன் நிமிர்ந்தது. அறை நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் வாசலில் வந்து நின்றார். நிலம் முழுக்கத் தண்ணீர். ஸலாம் இல்லை. மூக்கை நீட்டினார். ஒருக்கால், மறுபடி ஒருக்கால்.

"மணக்குது" என்றார்.

என் கையிலிருந்த குழாய் நழுவியது. ஜவ்பர் "யா அல்லாஹ்" என்றார். இரை வெட்டிய கையும் மீன் கறை பட்ட சாரமுமாக முன்னால் நின்ற சிவம் அண்ணன், ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"ஹாஜியார், அது நாங்க."

ஹாஜியார் அவரைக் கிட்டப்போய் முகர்ந்து பார்த்தார். பிறகு தொட்டிக்கு மேலே குனிந்து, நெடுமூச்சாக இழுத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது.

"அப்ப முதல்ல உங்களத்தான் கடல்ல ஊத்தணும்."

மறுநாள் விடிகிறபோது பட்டன் பூக்கள் ஒன்றொன்றாகத் திறந்தன. கயிற்றின் ஓரத்தில் கொஞ்சம் கருகிப் போயிருந்தது, மிச்சமெல்லாம் உயிர். மீன் வாசலுக்குத் திரும்பியிருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாராவது வந்தால் காட்டலாம் என்று வழி பார்த்தேன். வடிகட்டி இல்லாமல் ஒரு கடலை நடத்திவிடலாம், அதற்குள் வந்து விழுகிற மனிசரின் இரக்கத்துக்குத்தான் ஒரு வடிகட்டி தேவைப்படுகிறது.

வெளியே முதல் போட்டுக்காரர் ஐஸுக்குக் கூப்பிட்டார். எழும்பிப் போய் ஐஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறுமையான அச்சுகளுக்கு நல்ல தண்ணீர் நிரப்பப் பைப்பைத் திறந்தேன்.